கடை சாத்திய பிறகு வரும் வெயில்

மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் அடிக்கும் வெயில் வீட்டுக்குள் வந்து சேர இரவு பதினொன்றரை ஆகிவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க வெப்பத்துக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் பிடிக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் கடை இருந்தால் யாருக்கும் கவலையில்லை. ஷட்டர் இறங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். படுக்கையறை இருந்தால் அந்த வீட்டில் அன்று யாருக்கும் தூக்கமில்லை. செங்கலும் அதே செங்கல்தான், கொத்தனாரும் அதே கொத்தனார்தான்.

வீட்டையும் கடையையும் ஒருவரே வடிவமைக்கும்போது, வீட்டுக்கு இதமான நிறம், கடைக்குப் பளிச்சென்ற விளக்கு என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. நிறம் கடைசியாக வரவேண்டிய சங்கதி. நல்ல வடிவமைப்பாளர் முதலில் கேட்பது வேறு: இந்த அறைக்குள் யார் இருக்கப் போகிறார், நாளின் எந்தப் பொழுதில், எவ்வளவு நேரம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் சுவரின் கனம், ஜன்னலின் திசை, விளக்கின் தன்மை எல்லாம் பாதி முடிவானதுபோலத்தான். வீட்டுக்கும் கடைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்கக் கணியம்பாடியைவிடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் பக்கமாக இருக்கும் ஊர். தமிழ்நாட்டின் எல்லாச் சாலையோர ஊர்களையும்போல இங்கேயும் கீழே கடை, மேலே வீடு என்ற கட்டடம்தான் வழக்கம். கீழே மருந்துக் கடையோ ஹார்டுவேர் கடையோ மொபைல் கடையோ இருக்கும். மேலே உரிமையாளரின் குடும்பம் இருக்கும், இல்லாவிட்டால் வாடகைக்கு வந்தவர்கள். ஒரே என்ஜினீயர், ஒரே வரைபடம், ஒரே சிமெண்ட். ஆனால் பகல் முழுதும் ஆள் இருப்பது கீழே. இரவு முழுதும் ஆள் படுப்பது மேலே. வேலூர்ப் பக்கத்து மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

கணியம்பாடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நண்பகல் சூரியன் வானத்தின் வடக்குப் பாதியில் இருக்கும். லண்டனில் எழுதிய பாடநூலைப் படித்துவிட்டு "வடக்கு ஜன்னலில் வெயிலே வராது" என்று சொல்பவர்கள் நம் ஊரில் ஜூன் மாதம் ஒரு நாள் அந்த ஜன்னலருகே உட்கார்ந்து பார்க்கலாம்.

சூரியன் உச்சியில் நிற்கும்போது சுவர்கள் தப்பிவிடுகின்றன, மாட்டிக்கொள்வது தளம். தெளிவான வானத்தில் நண்பகல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் கிடைமட்டப் பரப்பில் வந்து இறங்குகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 90 கிலோவாட். ஒரு டன் ஏசியால் அறையிலிருந்து அகற்ற முடிவது 3.5 கிலோவாட் வெப்பம். ஆக, இருபத்தைந்து ஏசிகளுக்கு வேலை கொடுக்கும் ஆற்றல் அந்தத் தளத்தின் மேல் காய்கிறது. அதில் ஒரு பகுதி எதிரொளித்துப் போகும், ஒரு பகுதி காற்றோடு போகும், மீதி கான்கிரீட்டுக்குள் இறங்கும். ஐந்து அங்குலத் தளத்தைக் கடக்க வெப்பத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும். பகல் ஒரு மணிக்கு மேல்பரப்பு உச்சச் சூட்டில் இருந்தால் நாலரை, ஐந்து மணிக்கு அடிப்பரப்பு உச்சத்துக்கு வரும். அதன் பிறகும் தான் சேர்த்துவைத்ததைக் கான்கிரீட் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் கீழே கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் தலைக்கு மேலே ஒரு முழு வீடு நிழல் தருகிறது. காலுக்குக் கீழே மண் இருக்கிறது. சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை கோடையில்கூட அதிகம் ஏறுவதில்லை. கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் இரவில் பூட்டிக் கிடக்கிறது. சூடான இடத்தில் குடும்பம் பாய் விரிக்கிறது. மாற்றிவைக்க முடியுமா என்றால் முடியாது. சாலையைப் பார்த்த தரைத்தளத்துக்குத்தான் வாடகை வரும். ஆகவே வடிவமைப்பாளரின் வேலை மேலே தொடங்குகிறது.

"ஃபேன் போட்டால் அனல்தான் கொட்டுகிறது" என்று எல்லா வீட்டிலும் ஒரு புகார் உண்டு. இதில் ஃபேனின் குற்றம் பாதிதான். நம் தோலின் வெப்பநிலை 34 டிகிரி அளவில் இருக்கும். உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். காற்று அசையாத அறையில் அதில் பெரும்பகுதி சுற்றியுள்ள பரப்புகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்ச் சேரவேண்டும். சுவரும் கூரையும் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் கதிர் நம்மிடமிருந்து போகும். கூரையின் அடிப்பரப்பு 42 டிகிரியில் இருந்தால் கதிர் திரும்பி நம்மேல் விழும். காற்றின் வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டர் 33 என்று சொல்லும். உடலோ அதைவிட அதிகமாக உணரும். தெர்மாமீட்டரும் உடலும் அளப்பது வெவ்வேறு பொருளை. கூரைக்குக் கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங் அடித்ததும் அறை இதமாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் பூ வேலைப்பாடு அல்ல. சுடும் கான்கிரீட்டை அது நம் உடலின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

உறங்கும் உடலுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தூக்கம் வர உடலின் உள்வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் இறங்கியாக வேண்டும். கை, கால் வழியாக வெப்பத்தை வெளியே தள்ளித்தான் அது இறங்குகிறது. தள்ள இடமில்லாத அறையில் புரண்டு புரண்டு படுக்கிறோம். கடைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே யாரும் தூங்குவதில்லை, மதியம் மூன்று மணிக்கு மருந்துக் கடையில் கண் அயர்பவரை விட்டுவிட்டால்.

பழைய வீடுகள் இந்தக் கணக்கைச் சூத்திரம் இல்லாமலே போட்டுவைத்திருந்தன. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இன்றைய கான்கிரீட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். வெப்பம் கீழே வந்து சேர்வதற்குள் இரவு வந்துவிடும். இரவில் வந்து என்ன பயன் என்று கேட்கலாம். இரவில் உள்ளே யாரும் படுக்கவில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். ஆண்கள் திண்ணையில், பெண்களும் குழந்தைகளும் முற்றத்தில், கோடையில் எல்லாருமே மொட்டை மாடியில். கட்டடம் வெப்பத்தைத் தள்ளிப்போட்டது. மனிதர்கள் அதற்கு ஏற்ப இடம் மாறினார்கள். இன்று கொசுவும் திருட்டுப் பயமும் அந்தரங்கமும் நம்மை ஒரே அறைக்குள் பூட்டிவிட்டன. கனமான சுவர் நல்லது என்ற பழைய பாடத்தை இப்போது அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பகலில் புழங்கும் கடைக்குக் கனம் நல்லது. இரவில் மட்டும் புழங்கும் மாடிப் படுக்கையறைக்கு நிழலும், வெளிர் நிறமும், சீக்கிரம் ஆறிவிடும் மெல்லிய சுவரும் நல்லது. மரபு வீடு என்றாலே கைகூப்பும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மொட்டை மாடியில் படுத்தால் ஏன் குளிர்கிறது? காற்று மட்டும் காரணமல்ல. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் பூமியின் வளிமண்டலம் ஏறக்குறைய திறந்த ஜன்னல். நம் உடலும் தளமும் வெளியிடும் கதிரில் கணிசமான பங்கு அந்த அலைநீளத்தில்தான் இருக்கிறது. மேகமற்ற இரவில் அது நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த ஜன்னல் பாதி மூடிக்கொள்ளும். சென்னையைவிட வேலூர்ப் பக்கம் கோடை இரவு வறண்டிருப்பதால் இங்கே மாடி வேகமாக ஆறும். அண்மைக் காலமாக மொட்டை மாடிக்கு மேல் தகர ஷீட் போடுவது வேலூர் மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. பகலில் அது அருமையான நிழல். இரவில் அதே ஷீட் தளத்துக்கும் வானத்துக்கும் நடுவே குறுக்கே நிற்கிறது. லாபமா நட்டமா என்றால் மொத்தத்தில் லாபம்தான். நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டிருந்தால்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றும் பாட்டிமாரின் வழக்கத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். இருபது லிட்டர் முழுவதும் ஆவியானால் போகும் வெப்பம், ஒரு டன் ஏசி ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடி வெளியேற்றும் அளவு. அந்த வெப்பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் வரும் என்பதால் தளத்துக்கு முழுப் பயனும் கிடைக்காது. ஆனாலும் ஒரு குடத்துக்கு இது பெரிய வேலை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அதைவிட மலிவு. புதிதாக அடித்த வெள்ளை, விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பி அனுப்பிவிடும். தூசு படியப் படியத் திறன் குறையும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

லாரி பேக்கர் சொன்ன வழி கட்டும்போதே செய்வது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக்கலைஞர் அவர். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிதான் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டால் கான்கிரீட் மிச்சம், எடையும் குறைவு, ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவரில் செங்கல் கால்பங்கு மிச்சம். நூற்றுக்கணக்கான வீடுகளில் அவர் செய்த இதே சிக்கனத்தைத் திருவனந்தபுரம் தம்பானூரில் இந்தியன் காபி ஹவுஸிலும் காணலாம்: சுழன்று ஏறும் சாய்தளம், அதன் ஓரமாகவே கட்டப்பட்ட மேசைகள், காற்றும் வெளிச்சமும் நுழையச் செங்கல் சல்லடைச் சுவர். ஜன்னலுக்குச் சட்டமோ கண்ணாடியோ கிடையாது. காபி குடிக்க வருபவர் அரை மணி நேரம் இருப்பார். அவருக்கு அது போதும்.

மேற்குச் சுவருக்கு வருவோம். படுக்கையறையை மேற்கில் வைத்தே ஆகவேண்டும் என்றால், அந்தச் சுவருக்கு முன்னால் மாடிப்படி, குளியலறை, துணி அலமாரி என்று எதையாவது இடையில் நிறுத்த வேண்டும். வெப்பம் அங்கே வந்து இளைப்பாறட்டும். கடையென்றால் மேற்கில் கோடவுன். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. வரைபடத்தில் இரண்டு அறைகளின் பெயரை மாற்றி எழுதினால் போதும். ஆனால் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எலிவேஷனைத்தான் பாராட்டுவார்கள்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு பழைய வணிகக் கட்டடம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பழைய தோல் ஷாப்புகள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை வெயிலில் காயப்போட முடியாது. வேகமாகக் காய்ந்தால் தோலுக்குள் இருக்கும் பட்டைச்சாறு மேல்பரப்புக்கு ஏறி வந்து கறுக்கும், மேல்தோல் வெடிக்கும். நிழலும் வேண்டும், மெதுவான காற்றும் வேண்டும். அதற்காகவே உயர்ந்த கூரையோடு, பக்கச் சுவருக்குப் பதில் இடுக்கு விட்ட பலகைகளோடு உலர்த்தும் கொட்டகைகளைக் கட்டினார்கள். வெயில் நுழையாமல் காற்று மட்டும் நுழையும் கட்டடம்: மனித உடம்பு கோடையில் கேட்பதும் இதையேதான். தோலுக்கு அமைத்துக்கொடுத்ததை மனிதருக்கு அமைக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏசியோடு அடைத்துவைத்தது பிற்காலத்து வழக்கம்.

ஏசி என்றதும் துணிக்கடை நினைவுக்கு வரும். வேலூரின் மதிய வெயிலில் நடந்து வந்து ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர்ச்சி இன்பமானது என்பதில் சந்தேகமில்லை. 1971இல் பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் இந்த இன்பத்தின் காரணத்தைச் சொன்னார். ஒரு தூண்டல் இன்பமா துன்பமா என்பது தூண்டலில் மட்டும் இல்லை. உடல் அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூடேறிய உடலுக்குக் குளிர்ந்த நீர் இன்பம். அதே நீர் குளிர்ந்த உடலுக்கு வேதனை. உடல் சமநிலைக்கு வந்ததும் இன்பம் தீர்ந்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் புடவை எடுத்துவிட்டுப் போகிறவர் இன்பத்தின் உச்சத்திலேயே வெளியேறிவிடுகிறார். கவுண்டருக்குப் பின்னால் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அந்த 20 டிகிரியில் இன்பம் என்ற பேச்சே இல்லை. மூட்டு வலிதான் உண்டு.

அப்படியானால் எத்தனை டிகிரி சரி? 1970இல் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறைக்குள் மாணவர்களை உட்காரவைத்து ஒரு சமன்பாடு தந்தார். உலக அலுவலகங்களின் ஏசி பல காலம் அதன்படி ஓடியது. ஆனால் ஜன்னலைத் திறந்து, ஃபேனைக் கூட்டிக் குறைத்து, பருத்தி உடுத்தி வாழ்கிறவர்களின் உடலும் மனமும் பருவத்தோடு சேர்ந்து நகர்கின்றன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்திய நகரங்களில் கள ஆய்வு செய்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மக்களுக்கு இதமான வெப்பநிலை, வெளியே அண்மை நாட்களின் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் வரும். வெளிச் சராசரி 33 என்றால் விடை 30.6. முப்பது டிகிரியில் இதமா என்று ஏசிக்குப் பழகியவர் சிரிப்பார். சிரிக்கட்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடல் மூன்று டிகிரி குறைவாக உணரும். முப்பது அப்போது இருபத்தேழு. கணியம்பாடியின் மாடி வீட்டுக்கு இதுவே எட்டக்கூடிய இலக்கு: கூரையைக் குளிரவை, காற்றை ஓடவை.

வெப்பத்தைவிட ஒளியில் கடையும் வீடும் அதிகம் விலகுகின்றன. புடவை எடுக்கப் போன பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்ப்பது ஏன்? நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்றே வகை. ஒளியின் நூற்றுக்கணக்கான அலைநீளங்களை அவை மூன்று எண்களாகச் சுருக்கிவிடுகின்றன. அதனால் வெவ்வேறு சாயம் போட்ட இரண்டு பொருட்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கின் கீழ் வேறு வேறாகவும் தெரியலாம். மாம்பழ மஞ்சள் என்று வாங்கியது வீட்டில் வந்து வேறு மஞ்சளாவதன் இரகசியம் அதுதான். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளுக்கு இது பணப் பிரச்சினை. ஷூவின் மேல்தோல் ஒரு டேனரியிலிருந்து வரும், உள்தோல் இன்னொன்றிலிருந்து, நூல் வேறெங்கிருந்தோ. ஐரோப்பியக் கடை விளக்கில் மூன்றும் ஒன்றாகத் தெரியவேண்டும். அதற்காகத் தோல், ஜவுளித் தொழில்களில் ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை டியூப்லைட்டுக்கு டிஎல்84, வீட்டின் மஞ்சள் பல்புக்கு ஏ என்று விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் சரக்கை அனுப்புவார்கள். ஒரு ஷூ எந்தக் கடையில் விற்கும், எந்த வீட்டில் கழற்றி வைக்கப்படும் என்பதை அந்தச் சிறு பெட்டிக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள்.

கடையை வடிவமைப்பவருக்கு இதில் பாடம் உண்டு: ஒளி எத்தனை லக்ஸ் என்பதோடு எந்தத் தரம் என்பதையும் கேட்கவேண்டும். கவுண்டருக்கு 500 லக்ஸ் தேவை. வீட்டு ஹாலுக்கு 150 போதும். வெளியே நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ். அதனால்தான் கண்ணாடி முகப்பு வைத்த கடை பகலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, விழும் ஒளியில் எட்டு சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. எதிர்ச்சாரியின் வெயிலில் எட்டு சதவீதம் என்பது கடைக்குள் இருக்கும் மொத்த வெளிச்சத்தைவிட அதிகம். லட்சக்கணக்கில் செலவழித்து அடுக்கிய சரக்கு தெரியாது; எதிரே நிற்கும் மினி பஸ் தெரியும். இரவில்தான் கடை கண்ணுக்குத் தெரியும்.

வீட்டில் இதற்கு நேர்மாறான தேவை. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கு உதவாத சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் மூளைக்கு இன்னும் பகல் என்று செய்தி அனுப்பும். 2002இல்தான் இவை உறுதியாயின. கடையில் விழிப்பைத் தரும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கை நம் வீடுகளில் படுக்கையறையிலும் மாட்டிவைத்திருக்கிறோம். வெள்ளை வெளிச்சம் என்றால் சுத்தம், வசதி என்ற எண்ணம் டியூப்லைட் காலத்திலிருந்து வந்தது. படுக்கும் அறையில் மட்டுமாவது மஞ்சள் சாய்ந்த விளக்கைப் போடுங்கள் என்று சொன்னால் "என்ன, குண்டு பல்பு காலத்துக்கா?" என்கிறார்கள்.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், எதிரொலித்துக் குழம்பிய ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்டது: அறை பெரிதானால் ஒலி நீடிக்கும், உறிஞ்சும் பரப்பு கூடினால் அடங்கும். நம் புது வீட்டின் 13க்கு 16 அடி ஹாலில் டைல்ஸும் சிமெண்ட் பூச்சும் மட்டும் இருந்தால் ஒரு கைதட்டல் அடங்க நான்கு நொடிவரை ஆகலாம். மெத்தை, சோபா, திரைச்சீலை வந்ததும் அரை நொடியை ஒட்டி இறங்கிவிடும். குடியேறிய வீடு அமைதியாவது அதனால்தான். ஹோட்டலில் மெத்தையும் இல்லை, திரையும் இல்லை. கழுவவேண்டும் என்பதால் கிரானைட்டும் எவர்சில்வரும். ஒரு மேசை பேசினால் அடுத்த மேசை குரலை உயர்த்தும், அதைக் கேட்டு மூன்றாவது இன்னும் உயர்த்தும். இதை 1911இலேயே எட்டியென் லோம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்துவிட்டார். கூரையில் மட்டும் துளைவிட்ட பலகைகளை மாட்டினால் தரையைக் கழுவலாம், பேச்சும் கேட்கும். நம் ஊர் ஹோட்டல்காரர்கள் இதற்குச் செலவு செய்வதில்லை; சத்தம் இருந்தால் சாப்பிட்டதும் எழுந்துவிடுவார்கள் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களோ என்னவோ.

ஒரே கையால் வீட்டையும் வணிக இடத்தையும் கட்டியவர்களில் நம் தட்பவெப்பத்துக்கு மிக நெருக்கமான முன்மாதிரி கொழும்பில் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா 1919இல் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்துவிட்டு லண்டனில் கட்டடக்கலை படித்து முடிக்கும்போது வயது 38. 1960களின் தொடக்கத்தில், பின்னாளில் பத்திக் கலைஞராகப் பெயர்பெற்ற ஏனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு சாலைக்கு முதுகைக் காட்டி, நடு முற்றத்தைச் சுற்றித் திறந்துகொண்டது. நம் முற்றத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு அதில் புதுமை தெரியாது. கொழும்பின் பங்களாக் காலத்தில் அது பெரிய துணிச்சல். அதே தசாப்தத்தின் முடிவில் பெந்தோட்டையில் அவர் எழுப்பிய கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையை அணிசெய்தவை அதே ஏனாவின் பத்தித் துணிகள். வீட்டுக்காரியின் கைவேலை ஹோட்டலின் கூரை ஏறியது. துணிக்கூரை கடினமான பரப்பும் அல்ல என்பதைச் சபைன் கவனித்திருப்பார்.

இதைவிடச் சுவையான கதை ஆல்ஃபிரட் ஹவுஸ் சாலைக் கட்டடம். டாக்டர் பார்தலோமியூஸ் என்பவருக்கு வீடாக 1960களின் தொடக்கத்தில் பாவா வடிவமைத்தது. பிறகு அது பாவாவின் சொந்த அலுவலகமானது. 1998இல் கேலரி கஃபே என்ற உணவகமாகியது. வீடு, அலுவலகம், உணவகம் என மூன்று பிழைப்பைப் பார்த்தும் கட்டடம் கலையவில்லை. காரணம் அதன் அமைப்பு: ஒன்றன் பின் ஒன்றாக முற்றங்களும் நிழல் தாழ்வாரங்களும். சாலையின் லட்சம் லக்ஸிலிருந்து கண்ணைப் படிப்படியாக இறக்கிக் கூட்டிச்செல்லும் வரிசை அது. நிழலும் காற்றும் சரியாக இருக்கும் இடத்தில் கட்டில் போட்டால் வீடு, மேசை போட்டால் அலுவலகம், தட்டு வைத்தால் ஹோட்டல். மதுரைக்கும் பாவா வந்திருக்கிறார். மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக 1970களில் அவர் அமைத்த மதுரா கிளப் இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற ஹோட்டலாக இயங்குகிறது. கிளப்பும் ஹோட்டலாக மாற முடிந்தது. அதே எழுபதுகளில் கொழும்பில் அவர் கட்டிய அரசு ஈட்டு வங்கிக் கட்டடம் பன்னிரண்டு மாடிகளையும் காற்றோட்டத்தாலேயே குளிர்விக்கத் திட்டமிட்டது. பாவாவின் கட்டடக்கலை நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். பாவாவோடு பணிசெய்த இன்னொரு தமிழர் அஞ்சலேந்திரன், தன் வீட்டு வராந்தாவையே அலுவலகமாக வைத்துக்கொண்டு வீடுகளையும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான கிராமங்களையும் வடிவமைத்தவர். வராந்தாவில் கட்டுக்கட்டாக வரைபடங்கள், பக்கத்தில் மழை. இங்கே எது வீடு, எது பணியிடம் என்று கோடு போட முடியாது.

பாவாவைப் பார்த்துக் கணியம்பாடியில் முற்றம் விட்டுக் கட்ட எல்லாராலும் முடியாது; இருபது அடி முகப்புள்ள மனையில் முற்றம் ஆடம்பரம். ஆனால் நாலடி வராந்தாவும், மேற்கே மாடிப்படியும், வெளுத்த மொட்டை மாடியும் யாராலும் முடியும். கீழே கடையின் மேற்குச் சுவரைக் கனமாகக் கட்டுங்கள். மேலே படுக்கையறையின் மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். முன்பக்கம் ஜன்னல் வைத்தால் பின்பக்கமும் ஒன்று வையுங்கள், காற்று போக வழியில்லாத இடத்துக்கு அது வராது. கடைக்கு விளக்கு வாங்கும்போது ஒரு புடவையையோ செருப்பையோ கையோடு எடுத்துப்போய் அந்த விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளரின் இருபது நிமிடத்துக்காகக் கடையை வடிவமைக்கிறோம். பத்து மணி நேரம் அங்கே இருப்பவருக்கு வடிவமைப்பதில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லாருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. கேரளம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே செய்துவிட்டது. உங்கள் கடையின் வரைபடம் கைக்கு வந்ததும் ரேக், கவுண்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் பார்த்த பிறகு, வேலை செய்பவரின் நாற்காலி எங்கே போட்டிருக்கிறது, அதன் தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறதா என்று உங்கள் என்ஜினீயரைக் கேளுங்கள்.